நீலச் சுவரில் சிவப்புக் கட்டம்

"அந்தச் சுருளை இப்படிக் குடுங்க..."

"கை வைக்காத கார்னீலியா, அது அரசாங்கச் சொத்து, அதைப் போயி..."

"குடுங்கன்னு சொல்றேன், அடுப்பு எரிஞ்சிட்டுதான இருக்கு, ஒரு நிமிஷ வேலை..."

"மூணு மாசம் நீயே உக்காந்து வரைஞ்சதுடி அது! உன் கையாலயே..."

"என் கையால வரைஞ்சதாலதான் சொல்றேன், மிஸ்டர் லாத்ரப்!"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். விருந்தாளிகள் இருக்கும்போது அவள் அவரை மிஸ்டர் லாத்ரப் என்பாள், அது மரியாதை. ஆள் யாருமில்லாதபோது அப்படிச் சொன்னால் அதற்கு வேறு அர்த்தம். ஹைரம் லாத்ரப்புக்கு அது தெரியும். ஆனாலும் ஜெயில் வரைபடச் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு வரைபலகைக்குப் பின்னால் போய் நின்றார், பந்தைக் கொடுக்க மாட்டேன் என்கிற குழந்தை மாதிரி. ஐம்பத்தோரு வயது. பெரிங்டன் நகரத்துக்கு இரண்டு முறை மேயர். செவ்வாய்க்கிழமை மூன்றாம் முறைக்குத் தேர்தல். இன்று ஞாயிறு.

கீழே, மூன்று தெரு தள்ளி, ஜனங்களின் இரைச்சல் கேட்டது. மழைக்கால ஆறு பாலத்தில் மோதுகிற சத்தம் போல, ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக.

வியாழக்கிழமை ரயில் பாதை போடுகிற இடத்தில் நோலன் என்ற ஐரிஷ் கூலிக்காரன் மண்வெட்டியால் ஜெர்மன் கொத்தன் அன்டன் வைஸின் மண்டையைப் பிளந்துவிட்டான். அன்டன்தான் முதலில் கத்தியை எடுத்தான் என்று சிலர் சொன்னார்கள். கத்தியே கிடையாது, முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தான் என்று சிலர். எது நிஜமென்று விசாரிக்க யாருக்கும் பொறுமை இல்லை. நோலனைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். ஷெரீஃப் ஊர் நிலவரத்தைப் பார்த்துவிட்டு, பட்டாளம் கேட்பதற்காக நேற்றே மாநிலத் தலைநகர் இண்டியானாபோலிஸுக்கு ரயில் ஏறிவிட்டார். இன்று மத்தியானம் அன்டனைப் புதைத்தார்கள். புதைத்த கூட்டம் வீட்டுக்குப் போகவில்லை. கறுப்புக் கோட்டும் கையில் துக்கப்பட்டையுமாக நேரே ஜெயிலுக்குப் போனது. ஒரு தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்து முன்கதவில் இடித்தார்கள். இருபது இடி. கதவில் ஒரு சொட்டைகூட விழவில்லை. மாடி ஜன்னலிலிருந்து காவலாள் சுட்டதில் தோல் பதனிடுகிறவன் ஒருவனுக்குத் தாடை போய்விட்டது. அவனைக் கதவுப்பலகையில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போனதைக் கார்னீலியா மேல் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தாள். தாடை இருந்த இடத்தில் யாரோ ஒரு சவ ஊர்வலக் கையுறையைத் திணித்திருந்தார்கள்.

இப்போது அந்த இரைச்சல் மேடேறி வந்துகொண்டிருந்தது. ஜெயிலைக் கட்டினவர் வீட்டைப் பார்த்து.

"வரட்டும். நான் வராந்தாவுல நின்னு பேசறேன். எல்லாம் நம்ம ஆளுங்க. அவங்களோட சேர்ந்து செங்கல் சுமந்தவன் நான்."

"என்ன பேசுவீங்க?"

"சட்டம்னு ஒண்ணு இருக்குன்னு பேசுவேன்."

"நீங்க கெட்டவர் இல்ல ஹைரம். ஆனா உங்க வாய்க்கு 'இல்ல'ங்கற வார்த்தையே வராது. போன மாசம் மெத்தடிஸ்டு சர்ச்காரங்க வந்து சாராயக்கடையை மூடணும்னாங்க, ஆகட்டும்னீங்க. ரெண்டு நாள் கழிச்சு சாராயக்கடைக்காரங்க வந்து மூடக்கூடாதுன்னாங்க, அதுக்கும் ஆகட்டும். இப்ப அவங்க வந்து சுவத்தைக் காட்டுன்னா என்ன சொல்லுவீங்க?"

அந்த ஊரில் அவர் சொன்ன 'ஆகட்டும்' எல்லாம் கட்டடமாக நின்றது. வெர்மான்ட்டிலிருந்து ஒரு கருவிப்பெட்டியோடு படகில் வந்து இறங்கினவர். முதலில் சவப்பெட்டியும் கோழிக்கூண்டும் செய்தார். பிறகு மாதிரிப் புத்தகங்களைப் பார்த்து வரையக் கற்றுக்கொண்டு ஒரு சர்ச் கோபுரம், பள்ளிக்கூடம், வங்கி, கச்சேரி மண்டபம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் கொத்தனார்கள், தச்சர்கள், கூரை போடுகிறவர்கள், அவர்களுடைய அண்ணன் தம்பி மச்சினர்கள். அத்தனை பேரும் ஓட்டு. தெருவில் நடக்கும்போது அவர் புகைக்கூண்டுகளை எண்ணுவதுபோல் இருக்கும், எண்ணுவது வேறு என்று கார்னீலியாவுக்குத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஜெயில். முன்பக்கம் ஷெரீஃப் குடும்பத்துக்குச் செங்கல் வீடு, பின்னால் சுண்ணாம்புக்கல்லில் அறைகள். கைதி கல்லைப் பெயர்த்து நகர்த்த முடியாதபடி கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே குழி செதுக்கிப் பீரங்கிக் குண்டு பதித்திருந்தார். திறப்பு விழாவில், இதிலிருந்து தப்பி வெளியே வருகிறவனுக்கு என் தங்கக் கடிகாரம் பரிசு என்றார், ஊரே சிரித்தது. வெளியே வருகிறவனைப் பற்றித்தான் அவர் யோசித்தார். உள்ளே வருகிறவனைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

ஷெரீஃப்பின் பெண்டாட்டி ஹெஸ்டர்தான் கைதிகளுக்கும் சமைத்தாள். சமையலறையிலிருந்து அறைக்குள் தட்டை நீட்ட ஒரு பொந்து வைத்திருந்தார். அது சாமான் அலமாரிப் பக்கம் இருந்தது. கொதிக்கிற சூப்பை மேஜையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது, அடுப்புப் பக்கம் வைத்துக் கொடுங்கள் என்றாள் அவள். ஆகட்டும் என்றார். இரும்புக் கதவோடு புதுப் பொந்து வைத்தாயிற்று. பழைய பொந்தை, விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், கல் வந்து சேராததால் ஒற்றை வரிசைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசி, முன்னால் ஊறுகாய் ஜாடிகளுக்குத் தட்டு அடித்துவிட்டார்கள். கல் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று. கல் வந்தது, வேறு வேலைக்குப் போனது. அந்த அடைப்பைச் செய்தவன் அன்டன். அவன் அண்ணன் கொன்ராட்தான் பெரிய கொத்தனார், ஆனால் அன்று கல் எடுக்கிற குவாரியில் இருந்தான். வரைபடத்தில் கல்லுக்கு நீலம், செங்கல்லுக்குச் சிவப்பு என்பது வழக்கம். அந்த நீள நீலச் சுவரின் நடுவே நகத்தளவு சிவப்புக் கட்டத்தைத் தூரிகையால் தொட்டு வைத்தது கார்னீலியா.

வராந்தாப் படியில் முதல் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஹைரம் தலையைத் திருப்பினார். அந்த ஒரு கணம் போதும். அவள் சுருளைப் பிடுங்கி அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே தள்ளினாள். மெழுகு பூசிய லினன் துணி. பிடித்ததும் கறுத்துச் சுருண்டு, கொழுப்பு எரிகிற நாற்றத்தோடு அடங்கிவிட்டது.

"இனி யார் கேட்டாலும் குடுக்க ஒண்ணுமில்ல" என்றாள்.

முன்ஜன்னல் கண்ணாடி உடைந்து கம்பளத்தில் கொட்டியது. கதவைத் தட்டக்கூட இல்லை, கீலோடு பெயர்த்துக்கொண்டு கொன்ராட் வைஸ் உள்ளே வந்தான். பின்னால் இரண்டு பேர், இருவரும் அவனிடம் வேலை செய்கிற கொத்தனார்கள். மற்றவர்கள் தோட்டத்தில் நின்று கத்தினார்கள். கொன்ராட் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தான், முழங்காலில் கல்லறை மண் இருந்தது. கையில் சுத்தியல்.

"ஜெயில் படம் எங்க, மேயரே?"

"கொன்ராட், உக்காரு. அன்டன் எனக்கும் தம்பி மாதிரிதான்..."

"தம்பி மாதிரிதான? அப்ப குடு."

"எரிச்சாச்சு" என்றாள் கார்னீலியா.

கொன்ராட் அடுப்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். சுத்தியலைச் சுழற்றிக் கச்சேரி மண்டபத்தின் மரத்தாலான மாதிரியை ஒரே அடியில் நொறுக்கினான். அடுத்த அடி கண்ணாடி அலமாரிக்கு. மூன்றாவது ஹைரமின் வாய்க்கு, அது வெறும் கை. பல் மேஜையில் தெறித்து விழுந்தது.

"எரிச்சிட்டா அதுல ஏதோ இருக்குன்னுதான அர்த்தம்! என் தம்பி பீர் குடிச்சிட்டுச் சொல்லுவான், 'உன் கல் ஜெயிலை நான் சூப்புக் கரண்டியால ஒடச்சிருவேன் அண்ணே'ன்னு. போடா குடிகாரான்னு சிரிப்பேன். எங்க ஒடைப்பேன்னு கேக்காம விட்டேன். இப்ப உன்கிட்ட கேக்கறேன். எங்க?"

ஹைரம் ரத்தத்தைத் துப்பினார். கார்னீலியா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதோ வரப்போகிறது ஆகட்டும் என்று நினைத்தாள்.

"சொல்ல மாட்டேன்" என்றார்.

கொன்ராடுக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும். "என்னது?"

"சொல்ல மாட்டேன் கொன்ராட். கோர்ட்டு இருக்கு. தூக்குல போடறதா இருந்தா அவங்க போடட்டும்."

இரண்டு கொத்தனார்களும் அவரைப் பிடித்து வரைபலகைமேல் வலது கையை விரித்து அழுத்தினார்கள். கொன்ராட் சுத்தியலின் தட்டைப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டான். கல்லின் ஓரத்தைத் தட்டி எடுப்பதுபோல அளந்து சுண்டுவிரலில் அடித்தான். பச்சைக் குச்சி ஒடிகிற சத்தம். ஹைரம் ஊளையிட்டார், அவள் அதுவரை அவரிடமிருந்து கேட்டிராத குரல்.

"எங்க?"

"மாட்டேன்."

அடுத்த விரல். நகம் பிளந்து பலகையின் வெள்ளைத் தாளில் ரத்தம் கோடு போட்டது. கொன்ராட் அழுதுகொண்டிருந்தான். மூக்கு ஒழுக, அதைத் துடைக்காமல், அழுதுகொண்டே அடித்தான்.

"என் தம்பி மூளையை நான் என் தொப்பியில அள்ளினேன், தெரியுமா உனக்கு? தொப்பியில! எங்கடா?"

"மாட்டேன்டா!"

மூன்றாவது நடுவிரல். எழுதுகோல் சாய்ந்து சாய்ந்து ஒரு பக்கம் காய்த்துப்போன விரல். அதன் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. ஹைரம் மயங்கிப் பலகையில் சாய்ந்தார், ஒருவன் தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தினான். கொன்ராட் ஆள்காட்டி விரலை மற்றதிலிருந்து பிரித்து வைத்தான். சுத்தியல் மேலே போனது.

"சாமான் அலமாரி" என்றது ஒரு குரல்.

தன் குரல்தான் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சமையக்கட்டுல. ஊறுகாய் ஜாடி தட்டுக்குப் பின்னாடி. ஒத்தைச் செங்கல்தான். அவரை விட்ருங்க. அவரை விட்ருங்கடா பாவிங்களா!"

ஹைரம் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அதில் கோபம் இருந்ததா, நன்றி இருந்ததா என்று அவள் பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள். கொன்ராட் சுத்தியலை இறக்கினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே போனான். உடைந்த கதவுக்கு அப்பாலிருந்து அவன் குரல் கேட்டது.

"லாத்ரப் சொல்லிட்டாரு! நம்ம ஆளுதான் அவரு! வாங்க!"

தோட்டம் முழுக்க ஆரவாரம்.

ஹைரம் எழுந்தார். உடைந்த கையை மேஜைத்துணியில் சுற்றிக்கொண்டு, தடுக்கி விழுந்து, எழுந்து, அவர்கள் பின்னால் ஓடினார். அவளும் ஓடினாள். ஜெயில் சமையலறையின் மரப் பின்கதவை அதற்குள் கோடாலியால் பிளந்துவிட்டார்கள். ஹெஸ்டர் அடுப்பிலிருந்த கொதிக்கிற பன்றிக்கொழுப்பை முதலில் நுழைந்தவன்மேல் ஊற்றினாள், அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து புல்லில் உருண்டான். இரண்டாமவன் அவளைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்துச் சாய்த்தான். ஜாடிகள் உடைகிற சத்தம், பிறகு செங்கல். பத்து அடிகூட ஆகவில்லை.

பொந்து ஒரு மனிதன் நுழைகிற அளவுக்கு இல்லை. தட்டு நுழைகிற அளவுக்குச் செய்தது. அதன் வழியே நோலனை இழுத்தார்கள். அவன் உள்ளேயிருந்து கால்களை முட்டுக்கொடுத்து எதிர்த்தான், கடித்தான், ஒருவனுக்குக் கட்டைவிரல் போயிற்று. தோள்பட்டை இடித்து நின்றபோது கையைப் பிடித்து முறுக்கினார்கள். கார்னீலியா மூன்று பிரசவம் பார்த்தவள், ஒன்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. அதே சத்தம், அதே மாதிரி ஒரு சறுக்கல், பிறகு அவன் ஊறுகாய்த் தண்ணீரும் கண்ணாடியும் கிடந்த தரையில் விழுந்தான். சின்னப் பையனல்ல, முப்பது வயதிருக்கும். காலில் ஹெஸ்டர் கொடுத்த கம்பளிக் காலுறை.

"நிறுத்துங்க!" என்று கத்தினார் ஹைரம். மழைநீர்ப் பீப்பாய்மேல் ஏறி நின்று, துணி சுற்றிய கையை உயர்த்திக் கத்தினார். "நான் சொல்றேன், நிறுத்துங்க! வேண்டாம்!"

யாரோ "மேயர்!" என்றான். இன்னொருவன் "மூணாம் தடவையும் நீதான்!" என்றான். நான்கு பேர் அவரை அப்படியே பீப்பாயிலிருந்து தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். கூட்டம் நோலனை இழுத்துக்கொண்டு போனது, அதற்குப் பின்னால் ஹைரம் தலைகளுக்கு மேலே மிதந்து போனார். வேண்டாம் வேண்டாம் என்று அவர் ஆட்டிய கையைப் பார்த்து ஜன்னல்களில் நின்ற பெண்கள்கூடக் கைக்குட்டை ஆட்டினார்கள்.

கச்சேரி மண்டபத்தின் பால்கனியில் கயிற்றைக் கட்டினார்கள். நாற்பது பேர் நின்றாலும் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு அவர் வார்ப்பித்த இரும்பு. ஒருவன் தொங்கியதில் அது முனகக்கூட இல்லை. நோலன் சீக்கிரம் சாகவில்லை. முறுக்கிய கை ஒரு பக்கம் தனியாகத் தொங்க, காலுறை போட்ட கால்கள் வெகுநேரம் படியைத் தேடின. ஹைரம் தோள்களின்மேல் இருந்தபடி நேர் உயரத்தில் பார்த்தார். இறங்க விடவில்லை அவரை.

மறுநாள் டாக்டர் மூன்று விரல்களுக்கும் பலகை வைத்துக் கட்டினார். இரண்டு இனி மடங்காது என்றார். அவர் போனதும் ஹைரம் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீ ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன். புரிஞ்சுதா?"

"கொன்ராடுக்குத் தெரியுமே."

"கொன்ராட் சொல்ல மாட்டான். ஒரு பொம்பளையைக் கதற வச்சு வாங்கிட்டு வந்தேன்னு எந்தக் கொத்தனாரு வெளிய சொல்லுவான்?"

"நீங்க சொல்லலையே ஹைரம். மூணு விரல் போயும் நீங்க சொல்லல. உங்க பேரு கெட்டுப் போகுமே."

அவர் சிரித்தார். பல் போன இடத்தில் காற்று வந்தது. "கெட்டுப் போகுமா? ஜன்னலத் தெறந்து கேளு."

அவள் திறக்கவில்லை. திறக்காமலே கேட்டது. தெருவில் போகிற வண்டிக்காரர்கள் வீட்டைக் கடக்கும்போது அவர் பேரைச் சொல்லிக் கத்திவிட்டுப் போனார்கள். நான்காவது விரலுக்கு அவர் சொல்லியிருப்பாரா என்று கேட்க நினைத்தாள். அவள் முந்திக்கொண்டதால் அது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. இப்போது அவர் அவளைக் காப்பாற்றுகிறாரா, வார்டு ஓட்டுகளைக் காப்பாற்றுகிறாரா என்பதும் தெரியவில்லை. ஒருவேளை அவருக்கே தெரியாது. படுக்கையில் ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அவள், நடுவில் பலகை கட்டின கை.

செவ்வாய்க்கிழமை ஜெர்மன் வார்டில் அவருக்கு எதிராக விழுந்த ஓட்டு ஆறு. இதுவரை எந்த மேயரும் அப்படி ஜெயித்ததில்லை என்றார்கள். அன்று காலைதான் பட்டாளம் ரயிலில் வந்து இறங்கியது. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பன்றிக்கறி ரொட்டி தின்றது.

புதன்கிழமை காலை பித்தளை வாத்தியத்தோடு ஊர் முழுக்க முன்தோட்டத்துக்கு வந்துவிட்டது. புதுக்கதவு இன்னும் வர்ணம் பூசாமல் நின்றது. ஹைரம் கறுப்புக் கோட்டில், கையைத் தூளியில் கட்டிக்கொண்டு, வராந்தாவில் நின்று பேசினார். தண்ணீர்க்குழாய் பற்றி, புதுப் பள்ளிக்கூடம் பற்றி. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். கொன்ராட் படியோரம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

பின்கதவில் யாரோ தட்டினார்கள். கார்னீலியா போய்த் திறந்தாள். ஹெஸ்டர். முகத்தில் பாதி நீலமாக வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. வாயைத் திறக்க முடியாமல் பல்லுக்குள்ளேயே பேசினாள். பின்சந்தில் வண்டி நின்றது, அதில் பெட்டிகள், நாற்காலிகள், கட்டிப்போட்ட கோழிகள்.

"உள்ள வாங்க ஹெஸ்டர். உக்காருங்க."

"உக்காரல மிசஸ் லாத்ரப். எங்க வீட்டுக்காரரு ராஜினாமா எழுதிக் குடுத்துட்டாரு. டெர்ரி ஹோட் ஊர்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போறோம்."

முன்பக்கத்தில் கைதட்டல் எழுந்து அடங்கியது.

"அந்த நோலனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது" என்றாள் ஹெஸ்டர். "வெள்ளிக்கிழமை சூப்பு குடுக்கறப்ப அவங்கம்மா ஊர் பேரு சொன்னான். எனக்கு ஏதாவது ஆனா ஒரு கடுதாசி போட்ருங்க அம்மான்னான். போடறேன்னு சொல்லிட்டேன். மூணு நாளா தாளை வச்சிட்டு உக்காந்திருக்கேன். அத்தனை கெட்டிச் சுவத்துக்குள்ள இருந்த புள்ளைய எப்படி எடுத்தாங்கன்னு அந்தப் பொம்பளை கேப்பா. நான் கேட்டதுக்காகத்தான அந்தப் பொந்தை மாத்துனீங்க? அதையும் எழுதத்தான் போறேன். மறைக்கல. ஆனா சுவத்தைக் காட்டினவரைப் பத்தி என்ன எழுதறதுன்னுதான் தெரியல."

வாத்தியக்காரர்கள் மறுபடி ஆரம்பித்தார்கள். பெரிய முரசு அதிர்ந்ததில் அலமாரியில் பீங்கான் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசின. ஹெஸ்டர் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் கார்னீலியாவைப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, நான் போயிடறேன். உங்க வீட்டுக்காரரு வெரல் ஒடையறதுக்கு முன்னாடி சொன்னாரா, ஒடைஞ்சதுக்கு அப்புறம் சொன்னாரா?"